பறக்கும் ரயிலும் பட்டா இல்லாத நிலமும்

திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் முதல்முறை இறங்குகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எதுக்கு இவ்ளோ பெருசா கட்டி வெச்சிருக்காங்க?" சில மாதங்களுக்கு முன்பு என்னுடன் வந்த இளைய ஆய்வாளர் ஒருவரும் கேட்டார். ரயில் நிற்கும் நடைமேடை உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே கல்யாண மண்டபம் போல விரிந்து கிடக்கும் தளங்கள். சீட்டு வாங்குகிறவர்கள் ஓரமாக நடந்து படியேறிப் போய்விடுகிறார்கள். மற்ற இடமெல்லாம் சிமெண்ட்டும் இருட்டும் புறாவும்.

நான் அவருக்குத் தயாராக இருந்த பதிலைச் சொன்னேன். நிலையங்களுக்குள் கடைகளும் அலுவலகங்களும் வரும், அந்த வாடகையில் ரயில் ஓடும் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். கடைகள் பெரும்பாலும் வரவில்லை. எதிர்பார்த்த அளவுக்குப் பயணிகளும் வரவில்லை. பத்திரிகைகளில் எழுதப்படும் பதில் இதுதான். தப்பில்லை. ஆனால் இந்தப் பதிலை எத்தனை முறை சொன்னாலும், இந்த இடம் கட்டடம் வருவதற்கு முன்பு காலியாகக் கிடந்தது போல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. காலியாக இல்லை. இந்தப் பாதை போகிற கால்வாயின் கரையில்தான், மந்தைவெளிப் பக்கம், நான் பிறந்த வீடு இருந்தது.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.டி.எஸ். என்கிற பறக்கும் ரயிலுக்கான வேலை 1985-ல் தொடங்கியது. 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ரயில் ஓடியது. 1997-ல் திருமயிலை வரை வந்தது. அதற்குப் பிறகு ஏழு வருடம் திருமயிலைதான் கடைசி நிலையம். 2004-ல் திருவான்மியூருக்கும், 2007-ல் வேளச்சேரிக்கும் பாதை நீண்டது. நடுவில் விடுபட்டிருந்த முண்டகக்கண்ணி அம்மன் கோயில் நிலையம் 2014-ல்தான் திறந்தது. வேளச்சேரி வரை சுமார் 19 கிலோமீட்டர், 18 நிலையங்கள். நாட்டிலேயே முதல் உயர்மட்ட நகர ரயில் பாதை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

இந்தப் பாதையின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயின் மேலேயும் கரையிலுமாகப் போகிறது. காரணம் எளிமையானது. நகரத்துக்குள் தனியார் நிலத்தைக் கையகப்படுத்தினால் இழப்பீடு கொடுக்க வேண்டும், வழக்கு வரும், வருடங்கள் ஓடும். கால்வாய் அரசுடையது. வருவாய்த்துறை மொழியில் நீர்நிலைப் புறம்போக்கு. அதாவது நிலத்துக்குச் செலவில்லை. பொறியாளர்களின் பார்வையில் இது சிக்கனமான, புத்திசாலித்தனமான முடிவு. கால்வாயில் தூண்களை நட்டால் நீரோட்டம் என்னாகும் என்று சூழலியலாளர்கள் அப்போதே கேட்டார்கள். கரையில் இருக்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்பது அந்த அளவுக்குக்கூடக் கேள்வியாகவில்லை.

இந்தக் கால்வாய்க்கு ஒரு முன்கதை உண்டு. அதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் ரயிலில் சாதாரணமாக உட்கார முடிவதில்லை. பக்கிங்காம் கால்வாய் ஒரே நாளில் வெட்டப்பட்டதல்ல. வடக்குப் பகுதி 1806 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு மட்டும் 1877–78-ல் வெட்டப்பட்டது. அது தாது வருசப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் செத்துக்கொண்டிருந்த நேரம். பஞ்சம் பிழைக்க நகரத்துக்கு வந்தவர்களைக் கொண்டு, நிவாரண வேலை என்ற பெயரில் அந்தத் துண்டை வெட்டினார்கள். அந்த வருடங்களில் மாகாணத்தின் நிவாரண வேலைத்தளங்களில் ஒரு ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்த கதையும் உண்டு. அப்படிக் குறைத்த ரிச்சர்ட் டெம்பிளின் பெயரிலேயே அந்தக் கூலி இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. நிலம் இருந்தவர்கள் நகையை விற்றும் நிலத்தை அடகு வைத்தும் தாக்குப்பிடித்தார்கள். கூலிச் சேரிகளில் விற்க எதுவும் இல்லை. மண்வெட்டியோடு வந்தவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கால்வாய்க்கு அப்போதைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயரை வைத்தார்கள்.

பறக்கும் ரயில் பெரும்பாலும் இந்தப் பஞ்சத் துண்டின் மேலேதான் போகிறது. சேப்பாக்கத்திலிருந்து ஏறி அடையாறு வரைக்கும் சன்னலுக்குக் கீழே தெரிகிற கறுத்த தண்ணீர் அதுதான்.

கால்வாயை வெட்டியவர்களின் நேர் வாரிசு என்று நான் உரிமை கொண்டாடவில்லை. என் தாத்தா 1960-களில் செங்கல்பட்டுப் பக்கமிருந்து வந்தவர். அப்போது கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் வந்து போயிருக்கின்றன. கரையில் குடிசை போட்டார். லஸ் பக்கம் கட்டட வேலை. ஆயாவும் பிறகு அம்மாவும் மயிலாப்பூர் வீடுகளில் பாத்திரம் தேய்த்தார்கள், துணி துவைத்தார்கள். வேலைக்குப் போகிற வீட்டில் பின்வாசல் ஒன்று உண்டு. அந்த வாசல் எதற்கு என்று எனக்குப் பத்து வயதுக்குப் பிறகுதான் புரிந்தது. அம்பேத்கர் கிராமத்தை விட்டு வெளியேறி நகரத்துக்குப் போகச் சொன்னார். தாத்தா அம்பேத்கரைப் படித்தவரில்லை. ஆனாலும் வந்துவிட்டார். நகரத்தில் அவருக்குக் கிடைத்தது தண்ணீருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சாண் நிலம்.

1997-ல் திருமயிலை நிலையம் திறந்தபோது எனக்கு நாலு வயது. அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்று சீட்டு வாங்கி, கடற்கரை வரை போய்த் திரும்பினாராம். பறக்கும் ரயில் பறக்கவே இல்லை என்று நான் அழுததை அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் அந்த ரயில் மேல் ஆசை இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ரயில் வேண்டாம் என்று சொன்னவர்கள் அல்ல நாங்கள். ரயில் நம் மக்களுக்கு எப்போதுமே பிடித்தமானது. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் கேட்க முடியாத இடம் அது. ரயில் நிலையச் சாப்பாட்டுக்கூடங்களில் பார்ப்பனருக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்ததை எதிர்த்துப் பெரியார் போராடியதன் பின்னாலும் இந்த எதிர்பார்ப்புதான் இருந்தது. எல்லோரும் ஒன்றாகப் போகிற இடத்தில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும்.

திருமயிலையிலிருந்து பாதையை நீட்டத் தொடங்கியபோது எங்கள் பக்கம் கதவுகளில் பெயின்ட்டால் எண் எழுதினார்கள். நான் இரண்டாம் வகுப்பு. பாதி வருடத்தில் ஒரு நாள் லாரி வந்தது. அடுப்பு, பாய், ஒரு மர பீரோ, ஆயா. எல்லோரும் ஒரே லாரியில் கண்ணகி நகர் போய் இறங்கினோம். இருநூறு சதுர அடிக்கும் குறைவான ஒரு வீட்டைக் காட்டினார்கள். அன்று ராத்திரி கரண்ட் இல்லை. ஆயா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், உள்ளே வரவில்லை.

துரைப்பாக்கத்தை ஒட்டிய கண்ணகி நகரில் 2000-த்திலிருந்து நகரத்தின் பல கரைகளிலிருந்து மக்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் என மூன்று நீரின் கரைகளிலிருந்தும் வந்தவர்களில் பெரும்பான்மை தலித்துகள். ஊருக்குள் ஊர், சேரி என்று இருந்ததை நகரம் கிலோமீட்டர் கணக்கில் செய்துகாட்டியது. மயிலாப்பூரிலிருந்து எங்கள் வீடு சுமார் 15 கிலோமீட்டர். எங்களை எழுப்பிவிட்டுக் கட்டிய ரயில் எங்கள் பக்கம் வருவதில்லை. பக்கத்து நிலையத்துக்குப் போகவும் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிக்க வேண்டும்.

அம்மா நாலு வீட்டில் வேலை பார்த்தவர். காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்க ஆள் வேண்டும் என்ற வீடுகள் இரண்டு உடனே போயின. மீதி இரண்டு வீட்டுக்காக நாலு மணிக்கு எழுந்து இரண்டு பஸ் மாறிப் போனார். சம்பளத்தில் பெரிய பங்கு டிக்கெட்டுக்கே போயிற்று. 2021-ல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபோது தொலைக்காட்சி விவாதங்களில் ஓசி, இலவசம் என்று கேலி பேசியவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. இருபது வருடமாக வேலைக்குப் போவதற்காகவே இந்தப் பெண்கள் கட்டிய காசை யாரும் கணக்கில் எடுத்ததில்லை.

இப்போது வேளச்சேரிக்கு அந்தப் பக்கம் போவோம். அங்கிருந்து பரங்கிமலை வரை சுமார் 5 கிலோமீட்டர் நீட்டிப்பு. 2008-ல் வேலை தொடங்கியது. பெரும்பகுதி பாலம் சீக்கிரமே எழுந்துவிட்டது. ஆதம்பாக்கம் பக்கம் கடைசி அரைக் கிலோமீட்டரில் பட்டா வைத்திருந்த வீட்டுக்காரர்கள் இழப்பீடு போதாது என்று நீதிமன்றம் போனார்கள். பத்து வருடத்துக்கும் மேலாகத் தூண்களும் பாலத்தின் முனையும் அந்தரத்தில் நின்றன. இந்த நகரத்தில் அந்த வழியாகப் போன எல்லோரும் அதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்த வீட்டுக்காரர்கள் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. தன் வீட்டுக்கு என்ன விலை என்று கேட்பது நியாயம். அரசு அவர்களோடு பேசியது, தொகையை மாற்றியது, காத்திருந்தது. அதுவும் நியாயம். என்னை உறுத்துவது வேறு. அரைக் கிலோமீட்டர் பட்டா நிலம் ஒரு ரயிலைப் பத்து வருடம் நிறுத்த முடிகிறது. பல கிலோமீட்டர் கால்வாய்க் கரையில் தலைமுறையாக இருந்தவர்கள் ஒரு வாரம்கூட நிறுத்த முடியவில்லை. இரண்டு இடத்திலும் இருந்தது வீடுதான். அடுப்பும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் இரண்டு இடத்திலும் இருந்தன. வித்தியாசம் ஒரு காகிதம். அந்தக் காகிதம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதில் சாதி இருக்கிறது.

இங்கே நம் இயக்கத்தவர்களிடம் ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சமி நிலம் பற்றி நமக்கு நன்றாகப் பேசத் தெரியும். 1892 அரசாணை, எத்தனை லட்சம் ஏக்கர், யார் கைக்குப் போனது எல்லாம் மேடையில் மனப்பாடமாக வரும். பேச வேண்டியதுதான். ஆனால் நகரத்தில் புறம்போக்கு என்ற சொல் வந்தவுடன் நம்மில் பலரும் அதிகாரிகளின் மொழிக்கு மாறிவிடுகிறோம். நீர்நிலை ஆக்கிரமிப்பு, வெள்ள அபாயம், மறுகுடியமர்வு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு நம் தோழர்களே ஆக்கிரமிப்புகளை அகற்று என்று எழுதியதைப் படித்தேன். கால்வாயின் நடுவில் வரிசையாக நிற்கும் கான்கிரீட் தூண்கள் அந்தப் பட்டியலில் இல்லை. கரையில் இருந்த ஓலைக்குடிசை இருந்தது. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள் என்பதும், மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்பதும் அதே கட்டுரைகளில் இல்லை. வெள்ளத்திலிருந்து காப்பாற்ற என்று சொல்லி ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்கு மாற்றினார்கள்.

இது பழைய கதையும் இல்லை. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், இதே கால்வாயின் கரையில், நீதிமன்ற உத்தரவின் பேரில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளை அகற்றத் தொடங்கினார்கள். அந்தத் தெருவிலிருந்து பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். அமைச்சர்கள் குடியிருக்கும் கிரீன்வேஸ் சாலையும் பக்கம்தான். இடிப்பை எதிர்த்து ஒரு பெரியவர் தீக்குளித்து இறந்தார். அதற்குப் பிறகுதான் இடிப்பு நின்றது, தலைவர்கள் வந்தார்கள், சட்டமன்றத்தில் பேச்சு வந்தது.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, முடிந்தவரை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக்கொடுப்பது என்பதே நோக்கமாக இருந்தது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் மந்தைவெளியிலும் நிற்கும் பழைய ஹவுசிங் போர்டு குடியிருப்புகள் அதன் சாட்சி. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கல்லூரி நடை தூரம். அந்த வழியிலேயே போயிருந்தால் கண்ணகி நகர் என்ற பெயரே எழுதப்பட்டிருக்காது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியில் துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதும் பழக்கமும் எங்கள் பிள்ளைகளுக்கு வந்திருக்காது. நானும் அப்படி எழுதியவள்தான். 2021-ல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. குடிசை என்ற சொல் போனதில் எனக்கும் மகிழ்ச்சி.

மறுபடியும் நிலையத்துக்கே வருகிறேன். வசதிகள் என்று ரயில்வே சொல்லும் பட்டியலில் எஸ்கலேட்டர், லிஃப்ட், கழிப்பறை, குடிநீர், வாகன நிறுத்தம் எல்லாம் வரும். பறக்கும் ரயிலில் தினமும் போகிறவர்களுக்கு அந்தப் பட்டியலை எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரியும். இந்தப் பாதையில் ஒரு நிலையத்தில் கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருவரிடம் அடிக்கடி பேசுவேன். எந்த நிலையம் என்று எழுதினால் அவருக்கு வேலை போகும். செம்மஞ்சேரியிலிருந்து வருகிறார். ஒப்பந்த வேலை. கழிப்பறை பூட்டிக் கிடந்த ஒரு நாள் சாவி யாரிடம் என்று கேட்டேன். "கழுவறதுக்கு மட்டும் எங்கிட்ட சாவி குடுப்பாங்க. கழுவி முடிச்சதும் வாங்கிப்பாங்க. நான் போறதுன்னா வெளிய அந்தக் கடைக்குத்தான் போவணும்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். இவருடைய பழைய வீடு எங்கே என்று விசாரித்தேன். சேப்பாக்கம் பக்கம், கால்வாய்க் கரை. முதல் கட்டத்திலேயே எழுப்பப்பட்டவர்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. பறக்கும் ரயிலை மெட்ரோவோடு இணைக்கும் பேச்சு பல வருடமாக நடந்து, இப்போது வேகம் பிடித்திருக்கிறது. திருமயிலையில் பழைய நிலையத்தின் பக்கத்திலேயே பூமிக்கடியில் புதிய மெட்ரோ நிலையத்துக்கான வேலை நடக்கிறது. இணைப்பு வந்தால் அந்த இருட்டுத் தளங்கள் வெள்ளையடிக்கப்படும், கண்ணாடி வரும், குளிர்சாதனம் வரும். இருபத்தைந்து வருடமாக வராத கடைகள் வரும். நல்லதுதான். பறக்கும் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், மெட்ரோவில் 10 ரூபாய். இந்த ஐந்து ரூபாய் வித்தியாசம் காபி குடிக்க அங்கே வரப்போகிறவருக்குத் தெரியாது. காய்கறிக் கூடையோடு ஏறும் பாட்டிக்குத் தெரியும்.

அந்த மாடியில் யார் கடை வைக்கப் போகிறார்கள் என்ற கேள்வியை ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பே எழுப்ப வேண்டும் என்பது என் கருத்து. இரண்டாம் கட்டப் பாதைக்கான செலவில் மூன்றில் இரண்டு பங்கு மாநில அரசின் பணம். சமூகநீதி அரசு என்று சொல்லிக்கொள்கிறவர்களிடம் நாம் கேட்க உரிமை உண்டு. இந்தப் பாதைக்காக எழுப்பப்பட்ட குடும்பங்களுக்கு நிலையக் கடைகளில் இடம் ஒதுக்குங்கள், முன்பணமும் ஏலப்போட்டியும் இல்லாமல். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு தளத்தை மாலை நேரப் படிப்பகமாக்குங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்க மேசையும் விளக்கும் இல்லாத பிள்ளைகள் இப்போதும் கரையோரத் தெருக்களில் இருக்கிறார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்திலிருந்து நிலையங்களுக்கு விடியற்காலை நாலரை மணியிலிருந்து கட்டணமில்லாப் பேருந்து விடுங்கள். கழிப்பறையைக் கழுவுகிறவரிடமே அதன் சாவி இருக்கட்டும். நிலையத்தின் முகப்பில் ஒரு கல் வையுங்கள். 1877-ல் இந்தக் கால்வாயை யார் வெட்டினார்கள், இந்த நிலையத்துக்காக எந்தெந்தத் தெருக்கள் போயின என்று அதில் எழுதுங்கள்.

கடைசிக் கோரிக்கை கொஞ்சம் அதிகப்படி என்று ஆய்வு நண்பர்கள் சொல்கிறார்கள். கல் எதற்கு, வேலை முக்கியம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அம்மாவை ஒரு முறை திருமயிலையிலிருந்து மந்தைவெளிக்கு ரயிலில் கூட்டிப்போனேன். அறுபது வயதில் அந்தத் துண்டுப் பாதையில் அவருக்கு அது முதல் பயணம். சன்னலோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு தூணைக் காட்டி, "அதோ, நம்ம அடுப்பு அங்கதான் இருந்துச்சு" என்றார். ரயில் அதற்குள் நகர்ந்துவிட்டது. எந்தத் தூண் என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது மறுபடி காட்டச் சொன்னேன். அவருக்கும் அப்போது பிடிபடவில்லை.

எங்கள் பிளாக்கில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம். குடும்பத் தலைவி பெயர், பழைய தெரு, பக்கத்து நிலையம், எந்த வருடம் லாரி ஏறினார்கள், அப்போது என்ன வேலை, இப்போது என்ன வேலை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்பதால் மெதுவாகத்தான் நடக்கிறது. எழுதத் தெரிந்த, மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்த தோழர்கள் வந்தால் மற்ற பிளாக்குகளையும் முடித்துவிடலாம். பழையவர்கள் சிலருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.